மேயர் இருக்கிறார், கவுன்சில் இருக்கிறது, அப்புறம் சிட்டி மேனேஜர் எதற்கு?

வைகைக்கரை:
டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறோம். பெரிய மழை பெய்தால் தெருமுனையில் தேங்கும் தண்ணீர் வடிய மறுநாள் ஆகிவிடுகிறது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் சேர்ந்து மேயருக்கு எழுதினோம். "உங்கள் கடிதத்தைச் சிட்டி மேனேஜர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. மேயர் பொதுப்பணித் துறையைக் கூப்பிட்டு "போய்ப் பாருங்கப்பா" என்று சொல்லக்கூட முடியாதா? விசாரித்தால், இந்த மேனேஜரை யாரும் ஓட்டுப் போட்டுக் கொண்டுவரவில்லையாம். சம்பளம் மட்டும் மேயரைவிடப் பல மடங்காம். இந்த ஊரை யார்தான் நடத்துகிறார்கள்? தெரிந்தவர்கள் விளக்குங்களேன்.

சந்தேகி:
ஓட்டு வாங்காதவர் கையில் சாவி, ஓட்டு வாங்கியவர் கையில் கத்தரிக்கோல். மேயர் ரிப்பன் வெட்டுவார், மேனேஜர் ஊரை ஆள்வார். இதில் விளக்க என்ன இருக்கிறது? :)

கணக்குப்பிள்ளை:
டெக்சஸில் ஒரு நகராட்சியின் பட்ஜெட் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

வைகைக்கரை, உங்கள் மேயர் தட்டிக்கழித்ததாக எனக்குத் தோன்றவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சில் ஒரு மேனேஜரை அமர்த்தி அவரிடம் நிர்வாகத்தைக் கொடுப்பதுதான் கவுன்சில்-மேனேஜர் முறை. அந்த முறையில் ஓடும் ஊர்களின் சார்ட்டரில், அதாவது ஊரின் அடிப்படைச் சட்டத்தில், பெரும்பாலும் ஒரு பிரிவு இருக்கும்: மேனேஜருக்குக் கீழே வேலை செய்யும் யாருக்கும் மேயரோ கவுன்சிலரோ நேரடியாக உத்தரவு போடக்கூடாது. தகவல் கேட்கலாம், விசாரணை வைக்கலாம். "முதலில் இந்தத் தெருவுக்குப் போ" என்பது மேனேஜர் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பிரிவு இல்லாவிட்டால் எந்தத் தெருவுக்கு முதலில் தார் விழும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, மேனேஜர் என்னதான் செய்கிறார்? துறைத் தலைவர்களை நியமிக்கிறார், நீக்குகிறார். பெரும்பாலான ஊர்களில் போலீஸ் சீஃபும் ஃபயர் சீஃபும் அதில் அடக்கம். கவுன்சில் போட்ட தீர்மானத்தை வேலையாக மாற்றுகிறார். கவுன்சில் கேட்காவிட்டாலும், ஊரின் பணநிலை இன்னது என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவரும் அவர்தான். அப்புறம் பட்ஜெட்.

பட்ஜெட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகாரம் குடியிருப்பது அங்கேதான். டெக்சஸ் நகராட்சிகள் பெரும்பாலானவற்றுக்கு நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. மார்ச், ஏப்ரலிலேயே துறைகள் பட்டியலோடு வந்து நிற்கும். பூங்காத் துறைக்கு ஆள் வேண்டும், ஃபயர் சீஃபுக்குப் புது வண்டி வேண்டும், தண்ணீர்த் துறைக்குக் குழாய் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் எந்த வருடமும் வரவுக்குள் அடங்காது. ஜூலைக் கடைசியில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற சொத்து மதிப்பீட்டு அமைப்பிலிருந்து சொத்து மதிப்புக் கணக்கு உறுதியாகி வரும். வரியை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. 2019-இல் வந்த மாநிலச் சட்டப்படி, பழைய சொத்துகளிலிருந்து அன்றாடச் செலவுக்கு வசூலிக்கும் வரி வருவாய் 3.5 சதவீதத்துக்கு மேல் உயர வேண்டுமானால், முப்பதாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊர்களில் வாக்காளர்களிடம் போய் நிற்க வேண்டும். ஆகவே மேனேஜர் வெட்டுவார். ஆகஸ்டில் அவருடைய முன்மொழிவு கவுன்சில் முன் வரும், பொதுமக்கள் பேசலாம், செப்டம்பரில் ஓட்டெடுப்பு.

கவுன்சில் அதை மாற்றலாம், மாற்றவும் செய்கிறது. ஆனால் அவர்கள் மேசைக்கு வருவது மேனேஜர் வெட்டியது போக மிச்சம். உங்கள் வடிகால் வேலை ஜூன் மாதமே "அடுத்த வருடம் பார்க்கலாம்" பட்டியலில் விழுந்திருந்தால், யாராவது எழுந்து கேட்டாலொழிய கவுன்சிலருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி சார். அப்படியானால் மேயருக்கு ஒன்றுமே இல்லையா?

கணக்குப்பிள்ளை:
ஒரு ஓட்டு இருக்கிறது. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். கவுன்சில் தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரம் இந்த முறையில் அவருக்குப் பொதுவாகக் கிடையாது. ஆனால் புயல், வெள்ளம், பனி என்று வந்துவிட்டால் டெக்சஸ் சட்டப்படி ஊருக்குப் பேரிடர் நிலையை அறிவிப்பவர் மேயர்தான், மேனேஜர் அல்ல. அதைத் தவிர, கவுன்சிலில் பெரும்பான்மையைத் திரட்டத் தெரிந்த மேயருக்குச் சட்டத்தில் எழுதாத பலம் நிறைய உண்டு. திரட்டத் தெரியாதவருக்குக் கத்தரிக்கோல்தான், சந்தேகி சொன்னதுபோல.

இன்னொன்று, எல்லாரும் மேனேஜருக்குக் கீழே இல்லை. டாலஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டி அட்டர்னி, ஆடிட்டர், சிட்டி செக்ரட்டரி ஆகியோரைக் கவுன்சிலே நேரடியாக நியமிக்கிறது. தணிக்கை செய்கிறவரை மேனேஜரே நியமித்தால் தணிக்கை எப்படி நடக்கும்?

பட்டணத்தான்:
சென்னையிலிருந்து எழுதுகிறேன். இதெல்லாம் நம் மாநகராட்சி ஆணையர் கதைதானே? எங்களுக்கும் மேயர் உண்டு, கோப்பு எல்லாம் ஆணையரிடம்.

கணக்குப்பிள்ளை:
வெளித்தோற்றத்தில் அப்படித்தான் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி, இவரை வேலைக்கு வைத்தது யார், வீட்டுக்கு அனுப்பப்போவது யார் என்பது. சென்னை ஆணையர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. மாநில அரசு அனுப்புகிறது, மாநில அரசு மாற்றுகிறது. கவுன்சிலர்கள் அத்தனை பேரும் சேர்ந்து கோபப்பட்டாலும் அவர் பார்ப்பது கோட்டையின் முகத்தைத்தான். இங்கே ஏழு பேர் கொண்ட கவுன்சிலில் நான்கு பேர் கை தூக்கினால் மேனேஜர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்கிற ஊர்களும் உண்டு. அதனால்தான் ஒப்பந்தத்தில் நீக்கினால் இத்தனை மாதச் சம்பளம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

பட்டணத்தான்:
இது சரியான வித்தியாசம். எங்கள் கவுன்சிலின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலே இல்லை, தனி அலுவலர் என்று ஆணையரே எல்லாம் பார்த்தார். ஊர் ஓடியது. கவுன்சில் இல்லாமலே ஓட முடிகிற நிர்வாகத்துக்குக் கவுன்சில் மேல் என்ன பயம் இருக்கப்போகிறது?

நெல்லைச்சீமை:
இந்த முறை எப்படி வந்தது என்றும் கொஞ்சம் பார்க்கலாம். வர்ஜீனியாவில் ஸ்டான்டன் என்ற சின்ன ஊர் 1908-இல் முதன்முதலாக ஒரு பொது மேலாளரைச் சம்பளத்துக்கு வைத்தது. அப்போது அமெரிக்கப் பெருநகரங்களில் கட்சித் தரகர்களின் ராஜ்யம். துப்புரவு வேலையிலிருந்து சாலை ஒப்பந்தம் வரை ஓட்டுக்குக் கூலியாகப் போய்க்கொண்டிருந்தது. நியூயார்க்கில் விளம்பரத் தொழிலில் இருந்த ரிச்சர்ட் சைல்ட்ஸ் என்பவர் ஒரு திட்டத்தோடு ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். மக்கள் ஒரு சின்னக் கவுன்சிலைத் தேர்ந்தெடுக்கட்டும், கவுன்சில் ஒரு நிர்வாகியை அமர்த்தட்டும், கம்பெனி போர்டு தலைமை அதிகாரியை அமர்த்துகிற மாதிரி. 1912-இல் தென் கரோலினாவின் சம்ட்டர் அதை முழுசாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் நாடு திரும்பிப் பார்த்தது ஒஹையோவின் டேட்டன் நகரத்தால். 1913 மார்ச்சில் கிரேட் மயாமி ஆறு கரை உடைத்து ஊருக்குள் புகுந்தது. வட்டாரத்தில் முந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் புது சார்ட்டர், 1914 ஜனவரியில் மேனேஜர் பதவியேற்பு. பனாமா கால்வாயைக் கட்டிய கோதல்ஸைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. சின்சினாட்டியில் நகரப் பொறியாளராக இருந்த ஹென்றி வெய்ட் வந்தார். அந்தக் காலத்து மேனேஜர்கள் நிறையப் பேர் எஞ்சினியர்கள் என்பதைக் கவனியுங்கள். ஊருக்கு அன்று தேவைப்பட்டது சாக்கடை, குடிநீர், தார்ச்சாலை.

சந்தேகி:
வரலாறு நன்றாக இருக்கிறது அண்ணாச்சி. தரகர்களை ஒழிக்கத்தான் இந்த முறை வந்தது என்கிறீர்கள். கேன்சஸ் சிட்டியை மறந்துவிட்டீர்களே! அங்கேயும் 1925-இல் இதே சார்ட்டரைக் கொண்டுவந்தார்கள். டாம் பெண்டர்காஸ்ட் என்ற தரகர் என்ன செய்தார் தெரியுமா? எதிர்க்கவில்லை, வரவேற்றார். ஒன்பது இடங்களில் ஐந்தைப் பிடித்தால் போதும், மேனேஜர் நம்ம ஆள். ஹென்றி மெக்கெல்ராய் 1926-இல் வந்து 1939 வரை உட்கார்ந்திருந்தார். "நாட்டுப்புறக் கணக்கு" என்று சொல்லிக்கொண்டு பற்றாக்குறையை மறைத்து, ஊர் லாபத்தில் ஓடுவதாகக் காட்டினார். பெண்டர்காஸ்ட் வரி ஏய்ப்பில் சிறைக்குப் போனபோதுதான் மூட்டை அவிழ்ந்தது. பழைய முறையில் தரகருக்குப் பத்து அலுவலகம் வேண்டியிருந்தது. புது முறையில் ஒரே ஆள் போதும்.

அப்புறம் கலிபோர்னியாவின் பெல். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் சுமார் 36,000 பேர் வாழும் உழைக்கும் மக்கள் ஊர். ராபர்ட் ரிசோ 1993-இல் 72,000 டாலர் சம்பளத்தில் வந்தார். 2010-இல் பத்திரிகை அம்பலப்படுத்தியபோது சம்பளம் 7,87,637 டாலர். அமெரிக்க அதிபர் வாங்குவது நான்கு லட்சம்!

மிச்சிகனில் குடிநீரில் ஈயம் கலந்த ஃபிளின்ட் விவகாரத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஃபிளின்டை இதில் சேர்க்க முடியாது சந்தேகி. அங்கே இருந்தவர் எமர்ஜென்சி மேனேஜர். மிச்சிகன் ஆளுநர் மேலிருந்து அனுப்பியவர், கவுன்சிலின் அதிகாரத்தையும் மேயரின் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர். 2014 ஏப்ரலில் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியது அந்த ஆட்சியில்தான். ஊர்க் கவுன்சிலால் அவரை நீக்கியிருக்க முடியாது. பட்டணத்தான் சொன்ன ஆணையர் கதைக்குத்தான் அது கிட்ட வரும்.

பெல்லைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை, ஆனால் பாதிக் கதை. ரிசோவின் சம்பளத்தை யார் ஏற்ற அனுமதித்தார்கள்? கவுன்சிலர்களே பகுதிநேர வேலைக்கு வருடம் லட்சம் டாலருக்குக் கிட்ட வாங்கிக்கொண்டிருந்தார்கள், பெயருக்குக் கூடிக் கலையும் குழுக்களின் பேரில். மேனேஜரைக் கண்காணிக்க வேண்டியவர்கள் வாயில் சர்க்கரையைப் போட்டாயிற்று. மாநிலம் கவுன்சிலர் சம்பளத்துக்கு வரம்பு போட்டதும், அந்த வரம்பிலிருந்து தப்பிக்க 2005-இல் சிறப்புத் தேர்தல் வைத்து, தனக்கென்று சொந்த சார்ட்டர் உள்ள நகரமாக மாறினார்கள். அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் 400 பேரைக்கூடத் தொடவில்லை. உள்ளூர்ச் செய்தியாளர் யாரும் கூட்டத்துக்குப் போய் உட்காரவில்லை. ரிசோவுக்கு 2014-இல் 12 வருடச் சிறை விதித்தார்கள். கவுன்சிலர்களும் தண்டனை பெற்றார்கள்.

இந்த முறையில் மேனேஜர் மேல் இருக்கும் ஒரே கடிவாளம் கவுன்சில். இரண்டாவது கடிவாளம் கிடையாது. மேயரே நிர்வாகத் தலைவராக இருக்கும் பலமான மேயர் முறையில் மேயரும் கவுன்சிலும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டாவது இருப்பார்கள். இங்கே கவுன்சில் தூங்கினால் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். இந்த முறைக்குள் வேலை பார்க்கிறவன் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கார்க்வாசி:
அயர்லாந்திலிருந்து ஒரு குறுக்கீடு. அமெரிக்காவைப் பார்த்து இங்கே முதலில் மேனேஜர் வைத்தது எங்கள் கார்க் நகரம், 1929-இல். அடுத்து டப்ளின், பிறகு நாடு முழுவதும். இங்கே சட்டமே வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. பட்ஜெட், வளர்ச்சித் திட்டம் போன்றவை கவுன்சிலர்களுக்கு ஒதுக்கியவை. மீதி எதுவானாலும் நிர்வாகியுடையது. பட்டியலில் இல்லாதது எல்லாம் அவருக்கு என்பதுதான் கொக்கி. 2014-இல் பதவியின் பெயரைச் சீஃப் எக்ஸிகியூட்டிவ் என்று மாற்றினார்கள், வேலை பெரிதாக மாறவில்லை. லிமெரிக்கில் மட்டும் 2024-இல் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்து, நிர்வாக அதிகாரத்தில் பெரும்பகுதியை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அதைத்தான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வைகைக்கரை:
நான் ஒரு சாக்கடையைப் பற்றிக் கேட்டேன், கார்க் வரை போய்விட்டோம் :) சம்பள விஷயத்தை யாராவது சொல்லுங்கள். அவ்வளவு கொடுக்க வேண்டுமா?

சந்தேகி:
வேண்டாம் என்று சான் அன்டோனியோ மக்களே சொல்லிவிட்டார்கள். 2018 நவம்பரில் தீயணைப்பு வீரர்கள் சங்கம் கையெழுத்து வாங்கி வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தது: மேனேஜர் சம்பளம் கடைநிலை முழுநேர ஊழியரின் சம்பளத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் போகக்கூடாது, எட்டு வருடத்துக்கு மேல் பதவியில் இருக்கக்கூடாது. ஜெயித்தது. மேனேஜர் ஷெரில் ஸ்கல்லி அப்போது நான்கரை லட்சம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார்.

நெல்லைச்சீமை:
அந்தச் சங்கம் அப்போது நகராட்சியோடு ஊதிய ஒப்பந்தச் சண்டையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்கல்லி 2005-இலிருந்து இருந்தவர். அவர் காலத்தில்தான் ஊருக்குக் கடன் மதிப்பீட்டில் மூன்று நிறுவனங்களிடமும் உச்சத் தரம் கிடைத்தது. அந்தத் தரம் இருந்தால் கடன் பத்திரத்துக்கு வட்டி குறையும். கோடிக்கணக்கில் கடன் வாங்கும் ஊருக்கு அது மேனேஜர் சம்பளத்தைப்போல் பல மடங்கு. ஸ்கல்லி அந்த மாதமே ஓய்வை அறிவித்தார். அடுத்து வந்தவருக்கு 3,12,000 டாலர் என்று கட்டிப்போட்டார்கள். கடைசியில் 2024 நவம்பரில் அதே வாக்காளர்கள் இரண்டு வரம்பையும் எடுத்துவிட்டார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதே சான் அன்டோனியோவில் 2015 வரை கவுன்சிலருக்குக் கூட்டத்துக்கு 20 டாலர்தான். மேனேஜருக்கு லட்சங்கள், அவரைக் கேள்வி கேட்க வேண்டியவருக்கு இருபது. வேலைக்குப் போய்க்கொண்டே முந்தின இரவு நூற்றுக்கணக்கான பக்க அஜெண்டாவைப் படிக்கச் சொன்னால் யார் படிப்பார்கள்? மேனேஜர் சம்பளத்தைக் குறைப்பதைவிடக் கவுன்சிலருக்கு ஒழுங்காகக் கொடுத்து, அவர்களுக்குத் தனி ஆய்வாளர்களும் வைத்துக் கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

ஆஸ்டின்காரி:
எங்கள் ஊர் அனுபவம். 2021-இல் மேனேஜரை எடுத்துவிட்டுப் பலமான மேயர் முறைக்கு மாறலாமா என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 86 சதவீதம் பேர் வேண்டாம் என்றோம். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பனிப்புயல். மரக்கிளைகள் ஒடிந்து கம்பிகள் அறுந்து வீடு வீடாக மின்சாரம் போனது. இங்கே ஆஸ்டின் எனர்ஜி நகராட்சிக்கே சொந்தம், அதனால் பழியைத் தள்ளிவிட வேறு ஆள் இல்லை. எப்போது மின்சாரம் வரும் என்று சொல்லக்கூட ஆளில்லாமல் குளிரில் உட்கார்ந்திருந்தோம். அந்த மாத நடுவிலேயே கவுன்சில் மேனேஜர் ஸ்பென்சர் க்ராங்கை 10-1 என்று நீக்கியது. போலீஸ் ஒப்பந்த விஷயத்திலும் அவர்மேல் கவுன்சிலுக்கு வருத்தம் இருந்தது. மேயராக இருந்திருந்தால் அடுத்த தேர்தல் வரை காத்திருக்க வேண்டும்.

சந்தேகி:
நல்லது அக்கா. ஆனால் சான் டியேகோ? ஓய்வூதிய நிதியில் ஓட்டை விழுந்ததும் மேனேஜர் முறையே வேண்டாம் என்று 2006-இல் பலமான மேயருக்கு மாறிவிட்டார்கள். பிறகு 2010-இல் அதை நிரந்தரமாகவும் ஆக்கிக்கொண்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
போர்ட்லண்ட் எதிர்த் திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அங்கே நூறு வருடத்துக்கு மேலாக கமிஷன் முறை. கமிஷனர்கள் ஆளுக்குச் சில துறைகளை வைத்துக்கொண்டு தாங்களே நடத்தினார்கள். 2022-இல் மக்கள் ஓட்டுப் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரியிலிருந்து மேயர், 12 பேர் கவுன்சில், துறைகளைப் பார்க்க ஒரு நிர்வாகி. ஆனால் அந்த நிர்வாகி மேயருக்குக் கீழே. எந்த முறையானாலும் சம்பளத்துக்கு அமர்த்திய நிர்வாகி ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார், கவனித்தீர்களா?

வைகைக்கரை, உங்கள் வேலைக்கு வருவோம். மேயருக்கு இன்னொரு கடிதம் வேண்டாம். தண்ணீர் பில்லை எடுத்து மழைநீர் வடிகால் கட்டணம் என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கணக்கில் எந்தெந்த வேலை எந்த வருடத்துக்கு என்ற ஐந்தாண்டுத் திட்டம் நகராட்சி இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் தெரு அதில் இருக்கிறதா என்று உங்கள் பகுதிக் கவுன்சிலரைக் கேட்கச் சொல்லுங்கள். கவுன்சிலர் எழுத்தில் கேட்டால் மேனேஜர் அலுவலகம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆகஸ்ட் பட்ஜெட் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேச ஒருவர் போவதைவிட, தெருவுக்கு நாலு பேர் போங்கள்.

வைகைக்கரை:
பில்லில் இருக்கிறது சார், மாதா மாதம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு சந்தேகம், மேனேஜரை நேரில் பார்த்துப் பேசலாமா? கவுன்சில் தேர்தல் வருகிறது, அவர் யார் பக்கம் என்று தெரிந்தால் அந்த வேட்பாளரைப் பிடிக்கலாம் என்று எங்கள் ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) தலைவர் சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை:
பார்க்கலாம், நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். தேர்தலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஐசிஎம்ஏ என்ற அவர்களின் தொழில் சங்கம் 1924-இலிருந்து நடத்தை விதிகளை வைத்திருக்கிறது. ஓட்டுப் போடலாம், யாருக்கும் ஆதரவாக வாயைத் திறக்கக்கூடாது. நல்ல மேனேஜர் என்றால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

சந்தேகி:
நல்ல மேனேஜர் என்றால்.

கணக்குப்பிள்ளை:
ஆமாம். யார் பக்கம் என்று அவரே சொன்னால், அந்த நாலு பேரோடு கவுன்சில் கூட்டத்துக்குப் போகும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.